இடம் வலம்

காலை ஆறே முக்கால்.
செம்பனைக்குலை லாரி வட்டத்தைச் சுற்றுகிறது.
நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்,
பிடித்தால் முக்காலி நடுங்காது என்று
ஒரு நம்பிக்கை.

வட்டத்தின் நடுவில் அவள்.
பதினோரு அடி சிமெண்ட்.
நெற்றியில் எரியாத விளக்கு, கையில் கத்தி,
எதிரே கிளையில்லாத அரை மரம்.
பீடத்தில் செலாமாட் டாத்தாங்,
அதற்கும் கீழே, எழுத்து இன்னும் பெரிதாக,
பணம் கொடுத்த உரக் கம்பெனியின் பெயர்.

செய்தவர் தலைநகரத்துக்காரர்.
கழுத்து நரம்பு தெரிகிறது.
முழங்காலில் துணி கசங்கிய இடம் தெரிகிறது.
கெட்டிக்காரர்தான்.
வெட்டை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டார்.

இடது மேலிருந்து வலது கீழே
இறங்க வேண்டிய கோடு
இவளுக்கு வலமிருந்து இடம் சரிகிறது.
இந்த டவுனில் அது தெரியாத ஆள் கிடையாது.
நான்கு நம்பர் கடை மதலைமுத்து,
சந்தையில் கெரோப்போக் பொரிக்கும் ரொஸ்லான்,
பள்ளி வேன் ஓட்டும் தவசியம்மா.
"இப்படி வெட்டுனா மங்கு எங்க ரொம்பும்?"
சிரித்துவிட்டு ரோட்டைக் கடப்பார்கள்.
ஒருமுறை மன்றத்துக்கு மனுவும் போனது.
பதில் வந்தது:
நேரில் பார்வையிட்டோம், விரிசல் ஏதுமில்லை.

பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
சம்பளம் வரும் வழி அது.
போகும் வழி இந்தக் கேமரா.
ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண் இதற்கு;
வயிற்றோரம் பிடித்து, குனிந்து,
கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும்.
உள்ளே சாய்ந்து கிடக்கும் கண்ணாடி
உலகைத் தலைநிமிர்த்தி நிறுத்தும்,
பக்கத்தை மட்டும் மாற்றிவிடும்.

முதல் நாள் குனிந்தபோதே பார்த்துவிட்டேன்.
பெட்டிக்குள் வெட்டு சரியாக இருந்தது.

ஃபிலிமைக் கழுவினால் மறுபடி தப்பு.
மழையில் எடுத்தேன், தப்பு.
பனிமூட்டத்தில், பெருநாள் விளக்கில்,
தோளில் மைனா குந்திய நேரத்தில்,
பதினோரு மாதம்
விதவிதமான வெளிச்சத்தில் ஒரே தப்பு.
கோலாலம்பூர் கூடத்தில் மூன்றை மாட்டினார்கள்.
"அந்தக் கோடுதான் படத்தையே தாங்குது," என்றார் ஒருவர்.
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

பல் படத்தின் மூலையில்
ஒரு சின்னப் புள்ளி புடைத்திருக்கும்.
விரல் வைத்தால் தெரியும்
எது இடது தாடை, எது வலது என்று.
தப்பாகப் பிடித்தால் நல்ல பல் போய்விடும்.
ஊருக்கு அந்தப் புள்ளியை
யாரும் வைக்கவில்லை.

போன மாதம், இருட்டறையில்,
நெகட்டிவைப் புரட்டிப் போட்டேன்.
மருந்துத் தண்ணீரில் மெல்ல எழுந்தாள்.
இடமிருந்து வலம், வழுக்கிக்கொண்டு, வெட்டு.
பின்னால் பஸ் ஸ்டாண்டு
மருந்துக்கடைப் பக்கம் போய்விட்டது.
பீடத்து 'வருக'
வலமிருந்து இடமாக
வெளியே நடந்துகொண்டிருந்தது.

அதைத் தவசியம்மாவிடம் காட்டினேன்,
டோபி கடை வாசலில், வேன் எஞ்சின் ஓட ஓட.
பின் சீட்டில் பிள்ளைகள்
யாரோ ஒருவனின் காலணியைப் பறித்து எறிந்துகொண்டிருந்தார்கள்.
கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
ஓரத்தில் பிடித்து வாங்கினார்.
வெட்டைப் பார்த்து முதலில் தலையாட்டுவார்
என்று காத்திருந்தேன்.

அவர் வெட்டைப் பார்க்கவில்லை.
கத்தி பிடித்த கையைப் பார்த்தார்.
நான் பார்க்காததை.
கோடு நேரான அவசரத்தில்
கத்தி இடது கைக்குப் போயிருந்தது.

"பீச்சாங்கை," என்றார்.
ஸ்டியரிங்கிலிருந்து தன் இடது கையை எடுத்து
ஆள்காட்டி விரலடியில் இன்னும் தடித்திருந்த தோலை
ஒருதரம் தேய்த்துக்கொண்டார்.
பன்னிரண்டு வருசம்
மண்டோரிடம் ஏச்சு வாங்கிய கை அது.

ஹாரன் அடித்தார்கள் பின்னால்.
படத்தை டாஷ்போர்டில் செருகி
கியரைப் போட்டார்.

"என்னெ எப்போடி புடிச்ச?"